பக்கத்து வீட்டுப் பாட்டி 'கோக்கும்' ஏன் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார்?

கேள்வி கேட்டவர்: தாமிரபரணிப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து கனடாவின் வின்னிபெக்குக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. நார்த் எண்ட் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து வீட்டில் ஓர் அம்மா தன் மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். பிள்ளைகள் அவரைக் கோக்கும் என்று கூப்பிடுவார்கள், பாட்டி என்று அர்த்தமாம். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். வயது 58. முதல் குளிர்காலத்தில் வாசல் பனியை எப்படி அள்ளுவது, கார் எஞ்சின் உறையாமல் இருக்க ராத்திரி எப்போது பிளக்கைச் சொருகுவது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

போன மாதம் ஒரு சாயங்காலம். நான் வேலை முடிந்து வந்து காரை நிறுத்துகிறேன், அவர் வீட்டுப் படியில் ஏழு வயதுப் பையன் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தான். ஓடிப்போய்த் தூக்கினேன். மணிக்கட்டு என் கண் முன்னாலேயே வீங்கியது. "கார் சூடாகத்தான் இருக்கிறது, வாங்க, எமர்ஜென்சிக்குப் போய்விடலாம்" என்றேன். கோக்கும் முகம் மாறிவிட்டது. பையனை என் கையிலிருந்து வாங்கித் தன் முதுகுப் பக்கம் நிறுத்திக்கொண்டார். "வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்." நான் விடவில்லை. "மற்ற இரண்டு பேரையும் பற்றிக் கவலைப்படாதீங்க, இன்றைக்கு அவங்க எங்கள் வீட்டில் தூங்கட்டும்" என்றேன். கதவைச் சாத்திவிட்டார்.

சமையல் கரண்டியை வைத்துத் துணியால் கையைக் கட்டியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து, அவருடைய தங்கை மகள் வேறு ஊரிலிருந்து வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அவர் பிள்ளைகளைக் கவனிக்காதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளைகளின் கையுறை ஒருநாள்கூட ஈரமாக இருந்ததில்லை. வீடு அவ்வளவு சுத்தம். ஃபிரிட்ஜ் எப்போதும் நிறைந்திருக்கும். அதைத் திறந்து ஃபோனில் படம் எடுப்பதைக்கூட ஒருமுறை பார்த்தேன், காரணம் புரியவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அவங்க ஆட்களே அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அது எனக்கு ரொம்ப வலித்தது. நான் சிறுவர் காப்பகத்தில் உதவியாளர். அங்கே வேலை செய்பவரே இப்படிப் பேசலாமா?

என் மகள் பள்ளியில் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை போடச் சொன்னார்கள். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கடைசிப் பள்ளிகளை 1990களில் மூடிவிட்டார்களாம். அதற்கும் இன்றைக்கு ஒரு பாட்டி எமர்ஜென்சிக்கு வர மறுப்பதற்கும் சம்பந்தம் உண்டா? நான் என்ன தப்புச் செய்தேன்? இனி அவரிடம் எப்படி நடந்துகொள்வது?

---

பதில்: சமூகப்பணி மாணவன்

சம்பந்தம் உண்டு. நேரடியான பதில் மூன்று எழுத்து: சி.எஃப்.எஸ். குழந்தைகள், குடும்பங்களுக்கான சேவை என்று பெயர். வின்னிபெக்கில் பழங்குடிக் குடும்பங்களில் அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

வீட்டில் ஆபத்து என்று அவர்கள் முடிவு செய்தால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரியில் கை உடைந்த குழந்தையைப் பார்த்தால் 'எப்படி உடைந்தது' என்று கேட்பார்கள், சந்தேகம் வந்தால் தகவல் கொடுக்கச் சட்டப்படி கடமை. உங்களுக்கும் எனக்கும் அது ஒரு கேள்வி. அவருக்கு அது மூன்று பேரப்பிள்ளைகளும் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்குப் போகும் வழி. ஃபிரிட்ஜைப் படம் எடுப்பதும் அதற்காகத்தான். சாப்பாடு இல்லை என்று யாராவது எழுதினால் காட்ட ஆதாரம் வேண்டுமே.

2021 மக்கள்தொகைக் கணக்கின்படி கனடாவில் 14 வயது வரையுள்ள குழந்தைகளில் பழங்குடிக் குழந்தைகள் 7.7 சதவீதம். வளர்ப்பு வீடுகளில் இருக்கும் குழந்தைகளில் அவர்கள் 53.8 சதவீதம். நம் மனிற்றோபா மாகாணத்தில் அரசுப் பராமரிப்பில் இருப்பவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம். 2020 ஜூலை வரை இங்கே 'பிறப்பு எச்சரிக்கை' என்று ஒரு நடைமுறை இருந்தது. தாய்க்குத் தெரியாமலே ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டித் தகவல் போகும், பிரசவ வார்டிலேயே குழந்தையை எடுத்துவிடுவார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 58 என்றால் 1960களின் கடைசியில் பிறந்திருப்பார். வதிவிடப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிய காலம் அது. 1951-இல் 'இந்தியன் ஆக்ட்' என்ற, பழங்குடியினருக்கான கனடியச் சட்டத்தைத் திருத்தியதும் மாகாணங்களின் குழந்தைநலச் சட்டம் ரிசர்வ்களுக்குள்ளும், அதாவது பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலங்களுக்குள்ளும், வந்துவிட்டது. பள்ளிக்குப் போன பிள்ளைகள் இப்போது தத்துக்குப் போனார்கள். சுமார் 20,000 குழந்தைகள், பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு, சிலர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும். மனிற்றோபாவிலேயே நீதிபதி எட்வின் கிமெல்மன் இதை விசாரித்து 1985-இல் கொடுத்த அறிக்கையில் 'பண்பாட்டு இனப்படுகொலை' என்று எழுதினார். உங்கள் கோக்கும் பள்ளிக்குப் போனவரா, தத்துக்குப் போனவரா, அவர் அம்மா போனவரா என்று நீங்கள் கேட்க வேண்டாம். அந்த வயதுக்காரர்களில் மூன்றில் எதுவும் தொடாத குடும்பத்தைக் காண்பது கடினம்.

ஆஸ்பத்திரி மேல் பயத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. நார்வே ஹவுஸ் கிரீ பழங்குடிச் சமூகத்துக் குழந்தை ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் தகராறு செய்துகொண்டே இருந்தன. 2005-இல், ஐந்து வயதில், ஒருநாள்கூடத் தன் வீட்டில் தூங்காமலே அவன் இறந்தான். 2008-இல் பிரையன் சின்கிளேர் என்ற அனிஷினாபே பழங்குடி மனிதர் வின்னிபெக்கில் எமர்ஜென்சிக் காத்திருப்பு அறையில் சக்கர நாற்காலியில் 34 மணி நேரம் யாரும் கவனிக்காமல் இருந்து உயிர் விட்டார். நார்த் எண்டில் இது எல்லோருக்கும் தெரியும்.

---

பதில்: வடமராட்சி அக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். வேலை முடிந்து நேரே வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுவர் காப்பகத்து அடையாள அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டு இருந்ததா? அதில் 'சைல்ட்' என்ற சொல் பெரிதாக இருக்குமே. கழுத்தில் அட்டை, கையில் கார்ச் சாவி, 'பிள்ளைகள் இன்றைக்கு எங்கள் வீட்டில் தூங்கட்டும்' என்ற கதை. நீங்கள் அன்பாகத்தான் சொன்னீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் போனது அப்படித்தான். அட்டை போட்ட ஆள் வருவார், கார் நிற்கும், நல்ல வார்த்தை சொல்லுவார்.

நான் இங்கே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 22 வருடமாக ஹெல்த் கேர் எய்ட். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஒரு கிரீ இனத்து அம்மாவால். அவர் காலமாகிச் சில வருடம் ஆகிறது. வடக்கு மனிற்றோபாக்காரர். ஊர்ப் பெயரும் அவர் படித்த வதிவிடப் பள்ளியின் பெயரும் சொல்லவில்லை, குடும்பம் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் இல்லத்தில் ஆட்களின் உடுப்பெல்லாம் ஒன்றாகத்தான் சலவைக்குப் போகும். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு உடுப்பிலும் அறை எண்ணை ஒரு துணிப்பட்டியில் அச்சடித்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி ஒட்டுவோம். அந்த அம்மா வந்த முதல் கிழமை நான்தான் அவருடைய கம்பளிச் சட்டைகளுக்கு ஒட்டினேன். அடுத்த நாள் பார்த்தால் எல்லாப் பட்டியும் பிய்ந்து குப்பைக்கூடையில் கிடந்தது. திரும்ப ஒட்டினேன். நகம் வெட்டும் கத்தரியால் சட்டையோடு சேர்த்து வெட்டி எடுத்திருந்தார். நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "இங்கேயும் நம்பரா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குளிக்க வைப்பதும் அப்படித்தான். காலையில் நாலைந்து பேரைக் குளியல் உடுப்போடு நடைபாதையில் வரிசையாக நாற்காலியில் வைத்திருப்போம், ஆளுக்கு ஆள் முடிந்ததும் அடுத்தவர். அந்த வரிசையில் அவரை வைத்தால் உடம்பு நடுங்கும், ஒருமுறை கையை ஓங்கினார். 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று பதிவேட்டில் எழுதினோம். நானும் எழுதினேன், ஒரு தரம் இல்லை, பல தரம். அந்தக் கையெழுத்துகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது.

அவருடைய மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். குளிர்கோட்டைக் கழற்றாமலே, தாயின் கட்டிலிலிருந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். தொட மாட்டார். நெற்றியைக்கூடத் தடவ மாட்டார். என்ன பிள்ளை இது என்று நான் நினைத்தேன். நாங்கள் எல்லாம் அம்மாவின் மடியில் படுத்து வளர்ந்தவர்கள்தானே.

ஒருநாள் கோப்பி மெஷினடியில் அந்த மகள் தானாகவே கதைத்தார். "நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று தெரியும். அம்மா எங்களை ஒருநாளும் அடிக்கவில்லை. ஒருநாளும் தொடவும் இல்லை. நான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்று வாசலில் நின்று எனக்குக் கைகொடுத்தார், வங்கி மேலாளர் மாதிரி." அப்புறம் மெதுவாக மற்றதெல்லாம் வந்தது.

அவருடைய தாய் ஆறு வயதில் போய்ப் பதினாறு வயதில் வெளியே வந்தவர். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம்தான் வீடு. போன அன்று தலைமுடியை வெட்டி, மண்ணெண்ணெய் தேய்த்து, வரிசையில் நிற்கவைத்துக் குளிப்பாட்டி, உடுப்பில் ஓர் எண் தைத்துக் கொடுத்தார்கள். ஒன்பது வயது அண்ணன் அதே கட்டடத்தில் ஆண்பிள்ளைகள் பக்கம். சாப்பாட்டு மண்டபத்தில் பார்க்கலாம், கதைக்கக் கூடாது. கிரீ மொழியில் ஒரு சொல் சொன்னால் பிரம்படி. வீட்டுக்குக் கடிதம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதையும் கன்னியாஸ்திரிகள் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிரீ மொழிக்குத் தனி எழுத்து இருக்கிறது, 1840 அளவில் இதே வடக்கு மனிற்றோபாவில் நார்வே ஹவுஸில் உருவாகிப் பரவியது. அந்த அம்மாவின் தாய்க்கு அந்த எழுத்து வடிவாக வாசிக்கத் தெரியும். மகளின் கடிதத்தைத்தான் வாசிக்கத் தெரியாது. ரிசர்வுக்கு வந்துபோகும் அரசு அதிகாரியிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேட்பாராம்.

நம் சனத்துக்கு ஒரு குழப்பம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. போர்டிங் பள்ளிக்கூடம் என்றால் யாழ்ப்பாணத்தில் அது ஒரு பெருமை. வசதியுள்ள தகப்பன் பணம் கட்டி அனுப்புவார், பிள்ளை டிரங்குப் பெட்டியோடு போவாள், தவணை முடிந்தால் வருவாள். இது அது இல்லை. 1920-இல் சட்டம் திருத்தி 7 முதல் 15 வயது வரை கட்டாயம் என்றார்கள். மறுத்தால் அபராதம், சிறை. இந்த நாட்டின் முதல் பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்டின் அரசு 1883-இல் பிரெய்ரி என்ற மேற்குச் சமவெளிப் பகுதியில் பெரிய பள்ளிகளைத் திறந்தபோதே நோக்கத்தை ஒளிக்கவில்லை, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தால்தான் மாற்றலாம் என்றார்கள். பிரிப்பதுதான் திட்டமே. நாடு முழுக்கச் சுமார் 150,000 பிள்ளைகள்.

ஆஸ்பத்திரிப் பயத்தைக் கேட்டீர்கள். அந்த அம்மாவின் அண்ணனுக்குப் பள்ளியில் காசநோய் வந்தது. பள்ளியிலிருந்து நேரே பழங்குடியினருக்கென்று தனியாக வைத்திருந்த சனட்டோரியத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. இதெல்லாம் தெரியாமல் நடந்ததும் இல்லை. அரசு மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907-இலேயே பிரெய்ரிப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, கணக்குக் கிடைத்த பிள்ளைகளில் 24 சதவீதம் இறந்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். காற்றோட்டம் இல்லாத அறைகள், நோயுள்ள பிள்ளையையும் நோயில்லாத பிள்ளையையும் ஒன்றாகப் படுக்கவைத்தது என்று காரணமும் சொன்னார். அரசு கேட்கவில்லை. 1922-இல் ஓய்வு பெற்ற பிறகு அவரே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இன்று வரை பெயரோடு உறுதியான சாவுகளே 4,000-க்கு மேல். பெயர் தெரியாதவர்களைத்தான் ரேடார் வைத்து மண்ணுக்குள் தேடுகிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளி மூடியது ஏன் முடிவாகவில்லை?

பிள்ளை வளர்ப்பது யாரும் படித்துச் செய்யும் வேலை இல்லை. காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அம்மா நமக்குச் செய்ததைத்தான் செய்கிறோம். ஈரத்துணி, மிளகு ரசம், காலைப் பிடித்துவிடுவது. அந்த அம்மாவுக்கு ஆறு வயதுக்குப் பிறகு காய்ச்சல் வந்தபோது நடந்தது என்ன? நாற்பது கட்டில் உள்ள கூடத்தில் தனியே கிடந்தார். அழுதால் அடி. அதனால் அழாமல் இருக்கப் பழகினார். தனக்குப் பிள்ளை பிறந்தபோது வயிறு நிறையக் கொடுத்தார், உடுப்புத் தோய்த்தார், கட்டிலை விறைப்பாக விரித்தார். அவர் கற்றது அவ்வளவும் கொடுத்தார். அணைப்பதற்கு அவரிடம் மாதிரி இல்லை. மகள் பதினாலு வயதில் குடிக்கத் தொடங்கினார். அந்த மகளுக்குப் பிறந்த இரண்டு பேரைச் சி.எஃப்.எஸ். ஒன்றரை வருடம் எடுத்துவைத்திருந்தது. மீட்டெடுக்க அவர் குடியை விட்டு, வகுப்புக்குப் போய், வாடகைக்கு இரண்டு அறை வீடு காட்ட வேண்டியிருந்தது. மீட்டெடுத்தார். அந்தக் கதையை அவர் கோட்டைக் கழற்றாமலே சொல்லி முடித்தார்.

அன்று மகள் வீட்டுக்குப் போன பிறகு நான் பட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சட்டையின் கழுத்துக்குள்ளும் சிவப்பு நூலால் ஒரு சின்னப் பூத் தைத்தேன். சலவைக்காரப் பிள்ளையிடம், சிவப்புப் பூ என்றால் இந்த அறை என்று சொல்லிவைத்தேன். அந்த அம்மா பூவை விரலால் தடவிப் பார்த்து, இதழ் சரியில்லை என்றார். கிரீப் பெண்கள் மணி கோத்துப் பூ வேலை செய்வதில் பேர் போனவர்கள், பிழை சொல்ல அவருக்கு உரிமை உண்டு. குளியலுக்கு வரிசை இல்லாமல் மத்தியானம் தனியே கூட்டிப்போனேன். பிறகு பதிவேட்டில் அந்த வசனத்தை எழுத வேண்டி வரவில்லை.

கடைசி ஒன்றரை வருடம் மறதி நோய் முற்றியது. ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, அடியில் கிடந்த கிரீ மேலே வந்தது. ஊழியர்கள் 'பிதற்றுகிறார்' என்றார்கள். பேத்திதான், அவள் பல்கலைக்கழகத்தில் கிரீ படிக்கிறாள், "இல்லை, தண்ணீர் கேட்கிறார்" என்றாள். மகளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, தாயின் வாயிலிருந்து அந்த மொழியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார். நான் கையுறைப் பெட்டியின் மட்டையைக் கிழித்துத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். நிப்பி, தண்ணீர். அஸ்தம், இங்கே வா. மீச்சிசோ, சாப்பிடு. கரண்டியை நீட்டி "மீச்சிசோ" என்றால் வாயைத் திறப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கதவடியில் நிற்கும்போது அந்த அம்மா அவரைப் பார்த்து "அஸ்தம்" என்றார். மகளுக்கு அர்த்தம் தெரியாது. நான் மட்டையைக் காட்டினேன். கோட்டைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

தங்கச்சி, நீங்கள் செய்யக்கூடியது: அட்டையைக் காரில் வையுங்கள். பிள்ளைகளைப் பிரிக்கிற மாதிரி எந்த உதவியும் சொல்ல வேண்டாம், நல்ல மனதோடு சொன்னாலும் வேண்டாம். 'என்ன செய்யட்டும்' என்று கேளுங்கள். அவர் ஒன்றும் வேண்டாம் என்றால் சரி என்று வந்துவிடுங்கள். நேரம் கிடைத்தால் ஒருநாள் போர்டேஜ் லா பிரெய்ரிக்குப் போய்ப் பாருங்கள், இங்கேயிருந்து மேற்கே ஒரு மணி நேரம். பழைய வதிவிடப் பள்ளிக் கட்டடம் இப்போது லாங் பிளெய்ன் பழங்குடிச் சமூகத்தின் கையில் அருங்காட்சியகமாக இருக்கிறது. படிக்கட்டின் உயரத்தைப் பாருங்கள், ஆறு வயதுக் கால் எப்படி ஏறியிருக்கும் என்று.

---

பதில்: பிராம்ப்டன் வாசி

அக்கா உருக்கமாக எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் நாங்களும் போரில் வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு ஒரு பையோடு வந்தவர்கள்தான். இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தோம். பிரதமர் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, போப் வந்து மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, நட்டஈடும் கொடுத்தாகிவிட்டது. எவ்வளவு காலத்துக்கு இதையே காரணம் சொல்வது? கை உடைந்த பிள்ளையை இரண்டரை மணி நேரம் வைத்திருந்தது தவறு என்று ஒருவரும் சொல்லவில்லையே.

---

பதில்: வடமராட்சி அக்கா

தம்பி, பிள்ளைக்கு வலித்திருக்கும், அதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே மனம்தான். அந்தப் பாட்டிக்கும் அது தெரியும். இரண்டரை மணி நேரமும் அவர் எப்படித் தவித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். சாட்சிக்குத் தன் ஆள் ஒருவர் வரட்டும் என்று காத்திருந்தார்.

போரைச் சொன்னீர்கள். நானும் அதிலிருந்து வந்தவள்தான். இடம்பெயர்ந்து கோயில் மண்டபத்தில் படுத்தபோது அம்மா ஒரே சட்டியில் சோறும் பருப்பும் குழைத்து எங்கள் நாலு பேருக்கும் உருண்டை பிடித்துத் தந்தா. வீடு போனது. அந்தக் கை எங்களோடு வந்தது. மொழியும் வந்தது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு என்று இந்த நாட்டிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம், யாரும் தடுக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுத்தது அந்தக் கையைத்தான். அதுவும் ஒருமுறை ஓடிவந்த கலவரத்தில் இல்லை. சட்டம் போட்டு, தேவாலயங்களிடம் ஒப்படைத்து, நூறு வருடத்துக்கு மேல். பேரன் போன அதே பள்ளிக்குப் பாட்டியும் போயிருப்பா.

காசைச் சொன்னீர்கள். 2007-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி பள்ளியில் இருந்த முதல் வருடத்துக்கு 10,000 டாலர், அதற்கு மேல் வருடத்துக்கு 3,000. அடிஉதை, பாலியல் கொடுமைக்குத் தனி விசாரணை. என்ன நடந்தது, எத்தனை முறை, எந்த அளவு என்று அறிமுகம் இல்லாத ஆட்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும், அவர்கள் ஓர் அட்டவணையை வைத்துப் புள்ளி போடுவார்கள். சுமார் 38,000 பேர் விண்ணப்பித்தார்கள். நான் சொன்ன அந்த அம்மா அந்த விசாரணைக்குப் போகவே இல்லை. "சொன்னால் மகளுக்குத் தெரிந்துவிடும்" என்றாராம். வருடக் கணக்குக்கு வந்த காசில் மகளுக்கு ஒரு சலவை இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்.

அப்போதைய பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டது 2008 ஜூன். மரி சின்கிளேர் தலைமையில் வதிவிடப் பள்ளிகளை விசாரித்த ஆணைக்குழு 6,000-க்கு மேற்பட்டவர்களிடம் சாட்சியம் கேட்டு 2015-இல் 94 கோரிக்கைகளை வைத்தது. அதில் முதலாவதே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து எடுப்பதைக் குறையுங்கள் என்பது. மொழிக்கும் பள்ளிக்கும் கல்லறைக்கும் முன்னால் அதை ஏன் வைத்தார்கள் என்று யோசியுங்கள். நடந்து முடிந்த கதையாக இருந்தால் அதை முதலில் வைத்திருக்க மாட்டார்கள்.

---

பதில்: சமூகப்பணி மாணவன்

அக்கா சொன்னதோடு ஒன்று. 2020 ஜனவரி முதல் புதிய மத்திய சட்டப்படி பழங்குடிச் சமூகங்கள் தங்கள் குழந்தைநல அதிகாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். இங்கே பெகுயிஸ் சமூகம் 2023-இல் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்காமல் வீட்டுக்குத் தேவையானதைக் கொண்டுவருவது, எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் அத்தை, மாமா, பாட்டி என்று தேடுவது என்ற வழியில் போகிறார்கள். மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனால் நகர்கிறது. உங்கள் கோக்கும் மாதிரிப் பாட்டிகள் எந்தக் காசும் சட்டமும் இல்லாமல் அதைத்தான் இத்தனை காலம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

---

கேள்வி கேட்டவர்: தாமிரபரணிப் பெண்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்கா, அட்டை கழுத்தில்தான் இருந்தது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். என் பெயர் சின்னதாக, 'சைல்ட் கேர்' பெரிதாக. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் அட்டை இல்லாமல், காரும் எடுக்காமல் நடந்து போய்ப் படிக்குக் கீழேயே நின்றேன். "அன்றைக்கு உங்களைப் பயமுறுத்திவிட்டேன், எங்கள் ஊரில் பிள்ளை விழுந்தால் தெருவே ஓடிவரும், அந்தப் பழக்கத்தில் பேசிவிட்டேன்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன் அம்மா எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். "எத்தனை நாளைக்கு ஒருமுறை பேசுவாய்?" தினமும் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன வியாழக்கிழமை அவராகவே கதவைத் தட்டினார். மாவுக்கட்டுப் பிரிக்க வேண்டும், தங்கை மகளின் கார் கிளம்பவில்லை, கூட்டிப்போக முடியுமா என்றார். மூன்று பிள்ளைகளும் வர வேண்டும், எல்லோரும் ஒரே காரில் என்றார். என் மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நாங்கள் ஐந்து பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம்.

ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் அவர் கைப்பையிலிருந்து ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பிள்ளைகளை வளர்க்க நீதிமன்றம் கொடுத்த தாள், தடுப்பூசி அட்டைகள், பள்ளி வருகைப் பதிவு, அச்செடுத்த ஃபிரிட்ஜ் படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி. வரிசையாக மேசையில் அடுக்கினார். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சுகாதார அட்டை மட்டும் போதும் என்றாள். கோக்கும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் மடங்காமல் உறைக்குள் வைத்தார். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் உதவவில்லை, பக்கத்தில் நின்றேன்.

திரும்பி வந்து இறங்கும்போது ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்து என் பெயரையும் ஃபோன் எண்ணையும் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இரண்டாக மடித்து அந்த உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.